நல்ல குடும்பமா பாத்துக் கொடுங்க

எங்கள் வீட்டு மாடிப் போர்ஷன் காலியானதும் புரோக்கர் வந்து கேட்டில் ஒரு அட்டையைக் கட்டினார். டிவி வந்த அட்டைப்பெட்டியிலிருந்து வெட்டிய துண்டு. மூலையில் எந்தப் பக்கம் மேலே இருக்கவேண்டும் என்று காட்டும் அம்புக்குறிகூட அப்படியே இருந்தது. நீல மார்க்கரில் ‘டபுள் பெட்ரூம், மெட்ரோ தண்ணீர், பைக் பார்க்கிங் மட்டும்’ என்று எழுதி, தன் செல் நம்பரைப் போட்டு, கடைசி வரியை இரண்டு தடவை அடிக்கோடிட்டிருந்தார்: சைவம் மட்டும். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. உள்ளே அம்மா சங்கரா மீன் வறுத்துக்கொண்டிருந்தார். வாசனை தெருமுனை வரைக்கும் போயிருக்கும். “நாங்களே அசைவம்தானேண்ணே” என்றேன். அவர் சிரித்தார். “அது இருக்கட்டும் தம்பி. சைவம்னு போட்டா நல்ல ஆளுங்களா வருவாங்க. வந்தப்புறம் அவங்க கறி தின்னா நமக்கென்ன, தின்னாட்டி நமக்கென்ன?”

நல்ல ஜோக் என்று வீட்டுக்குள் வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மாவும் சிரித்தார். அவருக்கு மாதம் பிறந்தால் வாடகை வரவேண்டும், மோட்டார் போடுகிற நேரத்துக்குச் சண்டைக்கு வராதவர்களாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். அட்டையை நான் அவிழ்க்கவில்லை. புரோக்கர் பைக்கை உதைத்துக் கிளப்பும்போது நான் சொன்ன கடைசி வார்த்தை இன்னமும் ஞாபகத்தில் இருக்கிறது: “நல்ல குடும்பமா பாத்துக் கொடுங்கண்ணே.” சென்னையில் வீடு வாடகைக்கு விடுகிற எல்லோரும் சொல்கிற வாக்கியம்தான். குடிக்காதவர்கள், சத்தம் போடாதவர்கள், வாடகை பாக்கி வைக்காதவர்கள் என்பதைத்தான் நான் மனதில் வைத்திருந்தேன் என்று இன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவர் காதில் என்ன விழும் என்று எனக்குத் தெரியாமலா இருந்தது? அவ்வளவு அப்பாவியாக நான் மடிப்பாக்கத்தில் வளரவில்லை.

மூன்று வாரம் கழித்து ஆபீஸ் சாப்பாட்டு மேசையில் விஷயம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. பக்கத்து செக்‌ஷன்காரர் ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தார். முஸ்லிம். பெயரைச் சொல்லப்போவதில்லை, அவர் கதை முழுக்கப் பெயரைச் சொன்னதால் வந்த வினைதான். அன்றைக்கு அவர் டப்பாவில் தயிர் சாதமும் மாவடுவும். என் டப்பாவில் நெத்திலிக் குழம்பு. வேளச்சேரியில் அவர் குடியிருந்த வீட்டு ஓனரின் மகன் துபாயிலிருந்து திரும்பி வருவதால் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். பெண் பத்தாவது படிக்கிறாள். நடுவில் பள்ளிக்கூடம் மாற்ற முடியாது. அதனால் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே இரண்டு மாதமாக அலைந்தாராம். “பேரு கேப்பாங்க சார். சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு சின்ன கேப் விழும். அவ்ளோதான், நானே தேங்க்ஸ் சொல்லி வெச்சிடுவேன்” என்றார். அப்புறம் சிரித்துக்கொண்டே, “எங்க வீட்ல இப்ப இது ஒரு வெளையாட்டு. நான் காலையில போன் பண்ணுவேன். வீடு போயிடுச்சும்பாங்க. சாயங்காலம் எங்க வீட்டம்மா லதான்னு பேரு சொல்லி அதே நம்பருக்குப் பண்ணுவா. போன வாரம்கூட உங்க ஏரியா பக்கம் ஒண்ணு. பச்சை கேட்டு, மாடிப்படி வெளியில, மொட்டை மாடில சிமெண்ட் ஜாலி. எனக்கு ‘காலையிலதான் டோக்கன் போட்டாங்க பாய்’. அவளுக்கு ‘எப்ப வர்றீங்க மேடம், சாவி எங்கிட்டதான் இருக்கு’.”

பச்சை கேட். சிமெண்ட் ஜாலி. அந்த ஜாலியை அப்பா 1998ல் ஆள் வைத்துப் பதித்தது. இரண்டு கல் உடைந்து, அதை மட்டும் வேறு டிசைனில் மாற்றியிருக்கிறோம். என் வாயில் நெத்திலி முள் இருந்தது. “இப்படியெல்லாமா பண்றாங்க” என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். அது என் வீடு என்று சொல்லவில்லை. டப்பாவைக் கழுவிக்கொண்டு போய் சீட்டில் உட்கார்ந்தேன்.

இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். டீக்கடையில் வைத்துச் சொன்னபோது அவர் அதிர்ச்சியெல்லாம் காட்டவில்லை. “அட, உங்க வீடா அது? மொட்டை மாடி நல்லா இருந்துச்சு, தெருவுல நின்னு பாத்தோம்” என்றார். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று ஆரம்பித்தேன். “ஓனருக்குத் தெரியாமத்தான் நடக்கும் சார். எப்பவும்” என்றார். அதில் குத்தல் இருந்ததா, ஆறுதலா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. வீடு இன்னும் காலிதான், நாளைக்கே வாருங்கள் என்றேன். வேண்டாம் என்றார். மண்ணடியில் மச்சான் வீட்டு மாடியில் முடிவாகிவிட்டது, அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. “அப்புறம் சார், தெரிஞ்சவர் வீட்ல குடியிருந்தா, தண்ணி வரலைன்னாக்கூட வாயைத் திறந்து கேக்க முடியாது.” பெண் இப்போது காலையில் கடற்கரை ஸ்டேஷனிலிருந்து பறக்கும் ரயில் பிடித்து வேளச்சேரி போய்ப் படிக்கிறாள். என் மாடியிலிருந்து அந்தப் பள்ளிக்கூடம் பைக்கில் பத்து நிமிஷம்.

போயிடுச்சுன்னா போயிடுச்சு

புரோக்கரைக் கூப்பிட்டுக் கேட்டேன். கோபமாகத்தான் ஆரம்பித்தேன். அவர் நிதானமாக இருந்தார். “நீங்கதானே தம்பி நல்ல குடும்பமா பாக்கச் சொன்னீங்க?” என்றார். அந்த மனிதர் என் ஆபீஸ்காரர், என்னைவிட நல்ல குடும்பம் என்றேன். “இருக்கட்டும். நான் ஆகாதுன்னு சொல்லலியே. ஒருத்தர் மனசையும் நான் புண்படுத்துனதில்ல தம்பி. இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், உனக்கு வீடு கிடையாதுன்னு ஒருத்தரையும் சொன்னதில்ல. போயிடுச்சுன்னா போயிடுச்சு. மரியாதையா சொல்லி வெச்சிடுவேன்.” அவர் பெருமையாகத்தான் சொன்னார். யோசித்துப் பார்த்தால் அவரிடம் இருக்கிற பெரிய திறமையே இதுதான். இல்லை என்கிற வார்த்தையே இல்லாமல் இல்லை என்று சொல்லிவிடுகிறார். புண்படுத்தவும் இல்லை, சாட்சியும் இல்லை.

சைதாப்பேட்டை கோர்ட்டில் பிராக்டிஸ் பண்ணும் கல்லூரி நண்பன் ஒருவன் இருக்கிறான். அவனிடம் போய், இதற்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். “யார் மேலடா கேஸ்? உன் மேலயா?” என்றான் முதலில். பிறகு, “உன் ஆபீஸ்காரரு எஸ்சி, எஸ்டியா?” என்றான். இல்லை என்றேன். “அப்ப சொல்றதுக்கு ரொம்ப இல்ல” என்று சொல்லிவிட்டு, ஒரு மணிநேரம் சொன்னான்.

அரசியல் சாசனத்தின் 15வது பிரிவு என்றால் பாகுபாடு கூடாது என்பதுதான் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். முதல் உட்பிரிவு அரசாங்கத்துக்குச் சொன்னது. இரண்டாவது நம்மைப் போன்ற தனியாருக்கும் பொருந்தும்; ஆனால் அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. கடைகள், பொது உணவகங்கள், தங்கும் விடுதிகள், பொழுதுபோக்கு இடங்கள். அப்புறம் கிணறு, குளம், படித்துறை, சாலை. வாடகை வீடு அதில் இல்லை. 1940களில் ஒதுக்கிவைத்தல் எங்கெல்லாம் கண்ணுக்குத் தெரிந்ததோ அந்த இடங்களின் பட்டியல் அது. கிணற்றங்கரையில் தடுத்தால் ஊரே பார்க்கும். செல்போனில் விழும் சின்ன கேப்பை யார் பார்ப்பார்கள்?

அந்தப் பட்டியலில் உள்ள ‘கடை’ என்ற சொல் மட்டும் என்னை விடவில்லை. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, கடை என்றால் எதுவரை என்று கேட்டிருக்கிறார்கள். தேடி வருகிறவர் யாராக இருந்தாலும் தன் சேவையைத் தர முன்வருகிறவரின் இடம் எல்லாமே கடைதான் என்று அம்பேத்கர் விளக்கினார். வெறுமனே உள்ளே விடுவதைப் பற்றிய பேச்சல்ல, நிபந்தனைகள் ஒத்துப்போனால் சேவையையும் கொடுத்தாகவேண்டும் என்றார். 2011ல் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த விளக்கத்தைத் தூசி தட்டி எடுத்து, தனியார் கல்வி நிறுவனங்களும் அந்தச் சொல்லுக்குள் வரும் என்று சொன்னது. கேட்டில் அட்டை கட்டி, வாடகை இவ்வளவு, அட்வான்ஸ் இவ்வளவு என்று ஊருக்குச் சொன்ன பிறகு என் மாடி கடையா, வீடா? கடைதான் என்பது என் கட்சி. நண்பன் ஒப்புக்கொள்ளவில்லை. 2005ல் அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கைக் காட்டினான். பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற அந்தச் சங்கத்தின் விதி செல்லும் என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

சரி, அவர் பட்டியல் சாதிக்காரராக இருந்திருந்தால்? இங்கேதான் எனக்கு உண்மையில் ஆச்சரியம். 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், அதாவது 1976க்குப் பிறகு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியதே, அதில் வீடு இருக்கிறது. தீண்டாமையைக் காரணமாக வைத்து, எந்தப் பகுதியிலும் ஒருவர் குடியிருப்பு கட்டுவதையோ வாங்குவதையோ குடியிருப்பதையோ தடுத்தால் குற்றம். அதே சட்டத்தில் புறக்கணிப்பு என்றால் என்ன என்று விளக்குகிற இடத்தில் முதலில் வருவதே வீட்டை வாடகைக்குத் தர மறுப்பதுதான். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால், அந்தச் செயல் தீண்டாமையால்தான் நடந்தது என்று நீதிமன்றமே அனுமானிக்கவேண்டும். இல்லை என்று நிரூபிப்பது எதிராளியின் வேலை. எழுபது வருஷத்துக்கு முன்னால் எழுதிய சட்டத்தில் இவ்வளவு இருக்கிறது. தண்டனை ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் சிறை, அபராதம் 100 ரூபாயிலிருந்து 500 வரை. புரோக்கருக்கு நான் தரவேண்டிய கமிஷன் ஒரு மாத வாடகை.

ஆனாலும் அனுமானம் எங்கே தொடங்கவேண்டும்? மறுத்தார் என்பதிலிருந்து. எங்கள் புரோக்கர் மறுக்கவே இல்லையே. எஸ்சி, எஸ்டி மக்களுக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குப் போனாலும் அவமதிப்புக் குற்றத்துக்குப் பொதுமக்கள் பார்வையில் நடந்திருக்கவேண்டும் என்கிறது. நாலு சுவருக்குள் வெளியாட்கள் இல்லாதபோது சொன்னால் அது பொருந்தாது என்று 2020ல் உத்தராகண்ட் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. மறுக்கிறவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு மறுப்பதில்லைதான். ஆனால் சட்டம் போட்ட வட்டத்துக்கு ஒரு அங்குலம் வெளியே நிற்க எல்லோருக்கும் எப்படியோ தெரிந்திருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், வாடகை வீட்டைப் பெயர் சொல்லிச் சேர்த்த சட்டங்கள் நம்மிடம் அதற்குப் பிறகும் வந்திருக்கின்றன. எச்ஐவி தொற்றுள்ளவர்களுக்கான 2017 சட்டத்தில், குடியிருக்க, வாங்க, வாடகைக்கு எடுக்க மறுப்பது பாகுபாடு என்று பச்சையாக எழுதியிருக்கிறது. திருநர்களுக்கான 2019 சட்டத்திலும் கிட்டத்தட்ட அதே வாசகம். பின்னதில் அதை மீறினால் என்ன தண்டனை என்பதைத்தான் காணோம். ஆக, எழுதத் தெரியாமல் இல்லை. மதத்துக்கும், பட்டியலுக்கு வெளியே உள்ள மற்ற அடையாளங்களுக்கும் அந்த ஒரு வரியை எழுத யாருக்கும் கை வரவில்லை. 2006ல், முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த சச்சார் குழு சம வாய்ப்பு ஆணையம் வேண்டும் என்றது. 2016 என்று வருஷம் போட்டு சசி தரூர் மக்களவையில் பாகுபாட்டுக்கு எதிரான தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டும் காகிதத்தோடு சரி. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தைப் புரட்டினால் ஒப்பந்தம், அட்வான்ஸ், தண்ணீர், கரண்ட் எல்லாம் வருகிறது. யாருக்கு வீடு கிடையாது என்று சொல்லக்கூடாது என்பது மட்டும் வரவில்லை.

லதாவின் போன்

நண்பன் சொன்னதில் ஒன்று மட்டும் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. அமெரிக்காவில் 1968ல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஒரே வாரத்தில், வீட்டு வாடகையில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் கையெழுத்தானது. இங்கிலாந்தில் 1965ல் வந்த முதல் இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டமும் நம் 15வது பிரிவைப் போலவே விடுதி, உணவகம், பஸ் என்று பொது இடங்களோடு நின்றுவிட்டது. மூன்றே வருஷத்தில் இது போதாது என்று வீட்டையும் வேலையையும் சேர்த்தார்கள். அமெரிக்கச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. நாலு போர்ஷனுக்கு மிகாத கட்டடத்தில் ஓனரும் குடியிருந்தால் இந்தச் சட்டம் அவரைத் தொடாது. மிஸஸ் மர்ஃபி விலக்கு என்று பேச்சுவழக்கில் பெயர். யாரோ ஒரு வயதான அம்மாள் தன் வீட்டில் ஒரு அறையை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறாள், அவள் தலையில் போய் சட்டத்தைப் போடாதே என்கிற கற்பனை. எனக்கு அது புரிகிறது. என் அம்மா கீழே பகலெல்லாம் தனியாகத்தான் இருக்கிறார். தலைக்கு மேலே யார் நடக்கிறார்கள் என்பதில் அவருக்கும் ஒரு சொல் உண்டு என்று நானும் நினைக்கிறவன்தான். ஆனால் அந்த விலக்கிலும் ஒரு கொக்கி வைத்திருக்கிறார்கள். இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை மிஸஸ் மர்ஃபி யாரை வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம். இன்னார் மட்டும் என்று விளம்பரம் செய்யக்கூடாது. அட்டை கூடாது.

குடைந்தது அதுவும் அல்ல. அங்கே லதாவின் போனுக்கு மதிப்பு உண்டு. வாடகைக்கு வீடு தேடுகிற மாதிரி ஒரு கறுப்பினத்தவரையும் ஒரு வெள்ளையரையும் அடுத்தடுத்து அனுப்பி, இருவருக்கும் என்ன பதில் வருகிறது என்று பார்ப்பது அங்கே வழக்கமான சோதனை. பொய்ப் பதில் வாங்கிய சோதனையாளரே வழக்குப் போடலாம் என்று 1982ல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. வீடு அவருக்கு உண்மையில் தேவைப்பட்டிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. காலியாக இருக்கிற வீட்டை இல்லை என்றதே சட்டமீறல். தில்லியிலும் சுற்றுப்புற ஊர்களிலும் இப்படிப் போன் போட்டும் நேரில் போயும் பார்த்த ஆய்வு 2015ல் வெளியானது. தலித்துகளைவிட முஸ்லிம்களுக்கு இன்னும் அதிகமாகக் கதவு சாத்தப்பட்டது என்பது அதன் முடிவு. நம் ஊரில் அது கட்டுரையாக முடிந்துவிட்டது. என் ஆபீஸ்காரர் வீட்டில் அது சாயங்கால வெளையாட்டு. அவருடைய மனைவி பத்துப் பதினைந்து வீட்டுக்கு நடத்திய சோதனை ஒரு வழக்கறிஞர் ஆசைப்படும் அளவுக்குச் சுத்தமானது. ஒரே நம்பர், ஒரே நாள், ஒரே வாடகை, பெயர் மட்டும் வேறு. “இதை எந்தப் பிரிவுலடா போடறது?” என்றான் நண்பன், டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு.

புரோக்கரிடமிருந்து சாவியை வாங்கிவிட்டேன். இருபது வருஷப் பழக்கத்தை இப்படி முறித்துக்கொண்டோமே என்று அம்மாவுக்கு வருத்தம். பழைய அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தில் நானே எழுதினேன். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பக்கத்து வீட்டு மாமி நின்று இரண்டு தடவை படித்துவிட்டு, “பாத்து விடுங்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாளைக்கு ஒரு போனும் இல்லை. சைவத்துக்கு இருந்த மவுசு இப்போதுதான் புரிகிறது என்று மனைவி கிண்டல் செய்தாள்.

வியாழக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு ஒரு போன் வந்தது. நாற்பது வயதுக் குரல். வாடகை கேட்டார், சொன்னேன். மூன்று மாத அட்வான்ஸ் போதும் என்றதும் நம்பாமல் மறுபடி கேட்டார். சனிக்கிழமை வந்து பார்க்கலாமா என்றார். நம்பரை சேவ் பண்ணிக்கொள்ளத்தான், வாய்க்கு வந்தபடி, “சார் உங்க பேரு?” என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு சின்ன கேப் விழுந்தது. பின்னால் ஒரு பெண்குரல் ஏதோ மெல்லச் சொன்னது. அப்புறம் அவர், “ரமேஷ் சார்” என்றார்.

“வாங்க சார்” என்றேன். “சாவி எங்கிட்டதான் இருக்கு.”